ஐந்தாம் லெவலில் சுனில்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. முந்தின நாள் தொடங்கிய தூறல் விடிந்தும் விடவில்லை; தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகளின் தலையை மூடுபனி மறைத்திருந்தது; மாரிகுப்பம் ரயில் நிலையத்து நடைமேடை நனைந்து கறுத்துக் கிடந்தது. பெங்களூர் செல்லும் காலை வண்டியில் வழக்கமான ஜன்னலோரத்தில் அமர்ந்த வேலு, இறந்துபோன தன் மகனின் அலைபேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் திறந்தார். திரையில் மரப்பலகை ஒன்றும் அதில் வரிசையாக ஆணிகளும் தெரிந்தன. ஒவ்வோர் ஆணியின் கீழும் ஒரு மாணவரின் பெயர். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பித்தளை டோக்கன். செப்டம்பர் மாதத்திலிருந்து சுனில் என்ற பெயருக்கு மேலிருந்த ஆணி மட்டும் வெறுமையாக இருந்து வந்தது. அன்று அதிலும் டோக்கன் தொங்கியது.

வேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார். டோக்கன் அங்கேயே இருந்தது.

எதிர் இருக்கையில் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்த ராஜப்பா நிமிர்ந்தார். வேலு காவல் பார்க்கும் அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் பார்ப்பவர் அவர். இருவரும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெட்டியில் போய் வருகிறவர்கள்.

"இன்னா வேலு, மொகம் செத்துப்போச்சு? பரீட்சையில பெயிலா?"

"யாரோ மாட்டிட்டாங்க ராஜப்பா."

"இன்னாத்த?"

"என் பையன் டோக்கன."

ராஜப்பா சீட்டுக்கட்டைத் துண்டில் வைத்து மடித்தார். அந்த அலைபேசியில் வேலு என்ன செய்கிறார் என்பது அந்தப் பெட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்; அதைப்பற்றிக் கேலி செய்ய உரிமையுள்ளவர் ராஜப்பா ஒருவர்தான்.

வண்டி பங்காருப்பேட்டையில் நின்றதும் வேலு எழுந்துகொண்டார்.

"எங்க?"

"காலேஜுக்கு. மிஸ்ஸ பாக்கணும்."

"டூட்டி?"

"நீ எதுனா சொல்லிக்க."

"வயித்துவலின்னு சொல்றேன். போன வாரமும் வயித்துவலிதான் சொன்னேன். உனுக்கு வயிறே இல்லன்னு சூப்பர்வைசர் நெனச்சுக்கப் போறாரு. போ, போ, எறங்கு, வண்டி எடுத்துடுவான்."

வேலுவின் கதையைச் சொல்வதற்கு அவருடைய தந்தை பொன்னுரங்கத்திலிருந்து தொடங்க வேண்டும். சுரங்கத்தில் பாறை உடைக்கும் வேலை பார்த்தவர் பொன்னுரங்கம். வேலுவுக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாள் பகல் ஷிப்டில் ஏர்பிளாஸ்ட் ஏற்பட்டது. பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிப்பதை அவ்வூரார் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் பாத்திரங்கள் அலமாரியிலிருந்து உருண்டன. தாய் தாயம்மா, வேலுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுரங்கக் குழியான ஷாப்ட்டு வாசலுக்கு ஓடினாள்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் பலகையிலிருந்து தம் எண் பொறித்த டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவர். ஏறி வந்ததும் தம் கையாலேயே அதை ஆணியில் மாட்டுவர். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். ஒருவனுடைய டோக்கனை மேலே நிற்கும் இன்னொருவன் மாட்டலாகாது. அது அங்கே எழுதப்படாத சட்டம். ஆள்களை ஏற்றியிறக்கும் கூண்டான கேஜ் கடைசி முறை மேலே வந்ததும், அதிலிருந்து கடைசியாக இறங்குபவனை, கேஜுக்கு மணியடிக்கும் மணிக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கீழ யார்னா கீறாங்களா?" அவன், "யாரும் இல்ல" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கம்பிக்கதவைச் சாத்துவார்கள்.

அன்று கடைசியாக இறங்கியவன் பதில் சொல்லாமல் தாயம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் தந்தையைப்பற்றி வேலுவுக்கு மிகத் தெளிவாக நினைவிலிருப்பது. பொன்னுரங்கம் இருந்த பகுதிக்குள் கடைசிவரை யாராலும் நுழைய முடியவில்லை. பின்பு ஒரு நாள் சுரங்கமே மூடப்பட்டது. மூடும் நாள் வரையில் பலகையில் அந்த ஓர் ஆணி வெறுமையாகவே நின்றது.

வேலு பத்தாம் வகுப்புத் தேறி, அதற்குமேல் படிக்க வழியின்றிப் பல வேலைகள் பார்த்து, கடைசியில் ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலரானார். உள்ளே போனவர் வெளியே வந்தாரா என்று பார்ப்பதே அவர் வேலை. மற்றக் காவலர்கள் வாகன எண்ணைப் பார்ப்பார்கள். வேலு முகத்தைப் பார்ப்பார். குழாய் பழுது பார்க்கப் போன ஒருவர் வெளியே வராவிட்டால், பணி மாற்ற வந்தவரிடம் வாயிலை ஒப்படைக்காமல் நிற்பார். இந்தப் பழக்கத்துக்காக அவரைக் கேலி செய்யாதவர் அந்தக் குடியிருப்பில் இல்லை.

அவருக்கும் நளினிக்கும் ஒரே மகன் சுனில். கோலார் தங்கவயலில் உள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தான். அங்கே வேதியியல் விரிவுரையாளர் வின்னி. கரிம வேதியியல் என்றாலே மாணவர்கள் மனப்பாடம் செய்து, தேர்வறையில் எல்லாவற்றையும் கலந்து கொட்டுவதைப் பார்த்துச் சலித்துப்போன வின்னி, தம் தம்பியின் உதவியோடு அலைபேசியில் ஆடும் ஒரு விளையாட்டை உருவாக்கியிருந்தார். அதன் பெயர் 'கேஜ்'.

விளையாட்டின் விதி எளிமையானது. ஆடுபவர் டோக்கனை எடுத்துக்கொண்டு கேஜில் இறங்க வேண்டும். முதல் லெவலில் ஈத்தேன், இரண்டாம் லெவலில் ஈத்தீன், மூன்றில் எத்தனால், நான்கில் எத்தனால்டிஹைடு, ஐந்தில் எத்தனாயிக் அமிலம். கையிலிருக்கும் பொருளை அடுத்த லெவலின் பொருளாக மாற்றச் சரியான வினைப்பொருளைத் தேர்ந்தால் கேஜ் நகரும். தவறானதைத் தேர்ந்தால் தொப்பி விளக்கு மங்கும். மூன்று முறை தவறினால் விளக்கு அணைந்துவிடும். அடுத்த நாள்தான் மறுபடி எரியும். இறங்குவதற்கு மதிப்பெண் கிடையாது. ஏறி வந்து, தன் டோக்கனைத் தானே ஆணியில் மாட்டினால்தான் மதிப்பெண். கடைசி ஆள் ஏறி வந்ததும் திரையில் அந்தப் பழைய கேள்வி தோன்றும். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அதை உரக்கக் கேட்பார்கள். கடைசி ஆள் எழுந்து நின்று, "யாரும் இல்ல மிஸ்" என்றால் அந்த வாரத்து ஷிப்டு முடிந்தது.

பிள்ளைகள் அதைப் பித்துப் பிடித்தாற்போல் ஆடினார்கள். பேருந்திலும் கடைத்தெருவிலும், "நான் நாலாவது லெவல்ல மாட்டிக்கினேன்டா, பிசிசி போட்டு எறங்குனேன், ஏற்றதுக்கு இன்னா போடணும்?" என்று பேச்சு நடக்கும். ஆகஸ்டு மாதத் தேர்வில் கரிம வேதியியலில் தவறியவர் யாருமில்லை. சுனில் வீட்டில் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஆடுவான். "அம்மா, நீ ஊறுகாய்ல ஊத்துறியே வினிகரு, அதுதான்மா அஞ்சாவது லெவலு. எத்தனாயிக் ஆசிட்" என்பான். "ஆசிடா? அதையா நாம துன்றோம்?" என்று நளினி பாட்டிலைத் தூர வைப்பாள். அவன் சிரிப்பான்.

செப்டம்பரில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரைக்குக் குறைந்து, மறுபடி ஏறி, கோலாருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அவன் ஐந்தாம் லெவல்வரை இறங்கியிருந்தான், ஏறவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் வேலு அந்த அலைபேசியைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். வெற்று ஆணியைப் பார்த்தார். அதன்கீழ், 'சுனில்: ஐந்தாம் லெவல்' என்றிருந்தது. அவர் அழவில்லை. "நளினி, பையன் கீழ கீறான்" என்று மட்டும் சொன்னார். குழம்புச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்த நளினி அதைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ரயிலில் அவர் படிக்கத் தொடங்கினார். சுனில் கடந்துபோன ஒவ்வொரு லெவலின் பாடமும் அவன் அலைபேசியில் திறந்தே இருந்தது. ஆங்கிலத்தில் பாடம், கீழே கன்னடத்தில் குறிப்பு. கார்பனுக்கு நான்கு கைகள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை. எந்தக் கையும் சும்மா தொங்கலாகாது. ஒவ்வொன்றும் எதையாவது பிடித்திருக்க வேண்டும். ஈத்தேனில் இரண்டு கார்பன்களும் ஒரு கையால் ஒன்றையொன்று பிடித்திருக்கும். ஈத்தீனில் இரண்டு கைகளால். இதுவரை வேலுவுக்கு எளிதாகப் புரிந்தது. காவல் அறையில் தேநீர் குடிக்கும்போதுகூட விரல்களை மடக்கி, கார்பனின் கைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் லெவலைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் புளித்த வாடை வருவதாக அவருக்குத் தோன்றும். யாராவது ஊறுகாய் டப்பாவைத் திறந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். யாரும் திறந்திருக்கமாட்டார்கள். திரையில் இருட்டான ஒரு குகை. நடுவில் தொப்பி விளக்கு. விளக்கின் கீழ் முகமில்லாத ஓர் உருவம். சுனில்தான் அதற்கு நீலச் சட்டையைத் தேர்ந்திருந்தான். அவனை எரியூட்டியபோதும் நீலச் சட்டையே போட்டிருந்தார்கள்.

அந்த உருவத்தை நான்காம் லெவலுக்கு ஏற்ற வேண்டும். அமிலத்தை ஆல்டிஹைடாக மாற்ற வேண்டும். நான்கிலிருந்து மூன்றுக்கு ஏறச் சோடியம் போரோஹைட்ரைடு போதும் என்று பாடம் சொன்னது. ஆகவே ஐந்திலும் அதையே போட்டார். விளக்கு மங்கியது. மறுநாளும் அதையே போட்டார். விளக்கு மங்கியது. அமிலத்தை அது அசைக்கவே அசைக்காது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்குப் பல நாள்கள் ஆயின. தினமும் விளக்கு அணைந்ததும் அலைபேசியை மூடி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பையில் வைப்பார்.

"அதத் தூக்கிப் போட்டுடு" என்பாள் நளினி. "அது அடிக்கறப்போ அவன் வந்து எடுப்பான்னு திரும்பிப் பாக்கறேன். அவன வுட்டுடு. எத்தினி நாளைக்கு அவன இட்டுக்கினு சுத்துவ?" இப்படிச் சொல்பவள்தான் ஒவ்வொரு நாளும் அந்த அலைபேசியை மறக்காமல் மின்னேற்றி வைப்பாள். ஒரு நாள்கூட அது அணைந்ததில்லை.

அதுவரை பெட்டிக்காரர்களையும் நளினியையும் தவிர வேறு யாரும் தம்மைக் கவனிக்கவில்லை என்று வேலு எண்ணியிருந்தார். அந்தத் திங்கட்கிழமை கல்லூரிக்குப் போன பிறகுதான் அது தவறென்று தெரிந்தது.

வின்னி ஆய்வகத்தில் இருந்தார். நாற்பது வயதிருக்கும், வெள்ளை மேலங்கியின் கைகளை மடித்துவிட்டிருந்தார். மேசையைச் சுற்றி மாணவர்கள் நின்றிருந்தார்கள். காவலர் சீருடையில், முழங்கால்வரை சேறோடு, வாசலில் நின்ற வேலுவை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"சுனிலோட அப்பா மிஸ்."

"வாங்க, உள்ள வாங்க. ஆஷ்லி, அந்த ஸ்டூலை இழு. உக்காருங்க சார்."

வேலு உட்காரவில்லை. அலைபேசியை நீட்டினார். "இத யாரு மாட்டனது மிஸ்?"

வின்னி திரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மாணவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தாங்க" என்றார் வின்னி. "சனிக்கிழமை என் தம்பிகிட்டச் சொல்லி மாட்ட வெச்சேன்."

"ஏன் மிஸ்?"

பதில் ஆஷ்லியிடமிருந்து வந்தது. பேத்தமங்களாவிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் பெண் அவள். "அங்கிள், தெனமும் காலையில நாங்க பஸ்ல வர்ற நேரத்துல சுனில் பேருகிட்ட லைட்டு எரியும். அப்பால ஒரு தடவ மங்கும். ரெண்டாவது தடவ மங்கும். அணைஞ்சிடும். மறுநாளும் அதே நேரம். பசங்க எல்லாம் போனையே தொடமாட்டேன்னுட்டாங்க. யாரும் எறங்கறதில்ல. அவன் கீழருந்து ஏற பாக்குறான், முடியலன்னு நாங்க…" அவள் நிறுத்திக்கொண்டாள். "நீங்கன்னு தெரியாது அங்கிள்."

"வகுப்புல ரெண்டு பேருக்குக் காய்ச்சலே வந்துடுச்சு" என்றார் வின்னி. "செப்டம்பர்லருந்து ஒரு ஷிப்டுகூட முடியல. அந்த ஆணி காலியா இருக்கிறதை என்னாலயும் பார்க்க முடியலீங்க. எங்கப்பா ஆஸ்டின் ஷாப்ட்டுல டோக்கன் குடுக்கிற வேலை பார்த்தவரு. சுரங்கத்தை மூடுற வரைக்கும் அவரு பலகையில ஒரே ஒரு ஆணி காலியா இருந்துச்சாம். தூங்குறப்போகூட அவருக்கு அது தெரியும்னு சொல்வாரு. அந்த மாதிரி ஒன்னு இந்தப் பிள்ளைங்களுக்கும் வேணாம்னு நெனச்சேன். நல்லது செய்யறதா நெனச்சுத்தான் செஞ்சேன்."

வேலு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு, "அது எங்கப்பா ஆணி மிஸ்" என்றார்.

வின்னி கையிலிருந்த சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்தார். அது சரியாக உட்காராமல் சாய்ந்தது. யாரும் அதை நிமிர்த்தவில்லை.

"மேல நின்னுக்கினு யாரும் மாட்டக்கூடாது மிஸ். உங்கப்பா சொல்லியிருப்பாரே. கீழ போனவங்க கைதான் மாட்டணும். அவன் டோக்கன எடுத்துக்கினு நான் தெனமும் போறேன். எனுக்கு வழி தெரியல. ஆனா நான் போறேன். இப்ப இத பாத்தா, மேல டோக்கன் கீது, ஆளு எங்க? ஆளு வர்லியே."

"நான் என்ன செய்யணும் சொல்லுங்க."

"அவன மறுபடியும் கீழ எறக்குங்க."

மாணவர்களிடையே ஒரு முனகல் எழுந்து அடங்கியது. வின்னி ஆஷ்லியைப் பார்த்தார். ஆஷ்லி தலையசைத்தாள். வின்னி தம்பியை அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். எதிர்முனையில் அவன் ஏதோ மறுத்தான் போலும். "சொன்னதைச் செய்டா" என்றார். எல்லோரும் அந்தச் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையிலிருந்து டோக்கன் மறைந்தது. ஆணி வெறுமையானது. 'சுனில்: ஐந்தாம் லெவல்' என்ற எழுத்துகள் மீண்டும் தோன்றின.

அப்போது மேசைமேலிருந்த கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. தரை மெல்ல ஒரு முறை உதறியது. சுரங்கத்தை மூடித் தண்ணீர் நிறைந்த பிறகும் அந்த ஊருக்கடியில் பாறை அவ்வப்போது இடம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அது அங்கே செய்தியே அல்ல. வேறு நாளாயிருந்தால் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். அன்று குடுவைகளின் ஓசை முழுவதும் அடங்கும்வரை எவரும் அசையவில்லை.

"விடையைச் சொல்லட்டுமா?" என்று வின்னி வாசல்வரை வந்து கேட்டார்.

"வேணாம் மிஸ். நீங்க சொல்லி வந்தா அது நீங்க இட்டாந்த மாதிரிதான்."

மறுநாள் காலையிலிருந்து அவர் மீண்டும் ரயிலில் முயன்றார். இப்போது ஒரு வேறுபாடு இருந்தது. விளக்கு எரிந்ததும், பேருந்துகளிலும் தெருக்களிலும் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். விளக்கு மங்கும்போது அவர்கள் முகங்களும் மங்கும் என்று நினைத்துக்கொள்வார். வினைப்பொருள்களின் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருப்பார். அமிலத்தை நான்காம் லெவலில் கொண்டு நிறுத்துவது ஒன்றுகூட அதில் இல்லை. பாடத்தை அவர் தலைகீழாகச் சொல்வார். வழி மட்டும் அகப்படவில்லை. ஓர் இரவு நளினி கேட்டாள்: "இன்னிக்காவது நாலாவதுக்கு வந்தானா?" அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. "வர்ல" என்றார் வேலு.

வெள்ளிக்கிழமை ரயிலில் ஒரு சண்டை நடந்தது. தூங்கிவிட்ட ஒரு பயணி, தம் நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போவதைக் கண்டு விழித்தெழுந்து கூச்சலிட்டார்.

"ஏன்யா கத்தற?" என்றார் ராஜப்பா, சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போறதுக்கு இது இன்னா டவுன் பஸ்ஸா? இந்த வண்டிக்கு அங்க நிக்கற வேலையே கெடயாது. சரி, உக்காரு. ஆட்டம் ஆடுறியா?"

பெட்டி முழுவதும் சிரித்தது. வேலு சிரிக்கவில்லை. கேஜும் எல்லா லெவலிலும் நிற்காது. ஆளை ஏற்றிக்கொண்டு, நடுவிலுள்ள லெவல்களைத் தாண்டி, மணியடித்த இடத்தில்தான் நிற்கும் என்று தந்தை சொன்னதுண்டு. நான்காம் லெவலில் சுனில் இறங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அமிலத்திலிருந்து நேராக ஆல்கஹாலுக்குப் போனால் என்ன?

பட்டியலில் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு என்ற பெயரை அவர் பல முறை பார்த்திருக்கிறார். நீளமான பெயர் என்பதால் தாண்டிப் போயிருக்கிறார். அதைத் தொட்டார். எதில் கரைக்க என்று திரை கேட்டது. தண்ணீர் என்றார். குகைக்குள் தீ பற்றி எரிந்தது, விளக்கு பாதியாயிற்று. குறிப்பைப் படித்தார்: இது தண்ணீரைக் கண்டால் கொதிக்கும்; முதலில் உலர்ந்த ஈதர், வேலை முடிந்த பிறகே தண்ணீர். ஈதரைத் தொட்டார். பிறகு தண்ணீரைத் தொட்டார்.

கேஜ் நகர்ந்தது.

நான்காம் லெவலின் வெளிச்சம் ஒரு கோடாக வந்து கடந்து போயிற்று. மூன்றாம் லெவலில் நின்றது. எத்தனால். அடர் கந்தக அமிலத்தைத் தேர்ந்து, சூட்டை ஏற்றினார், நீர் பிரிந்தது, இரண்டாம் லெவல், ஈத்தீன். நிக்கலும் ஹைட்ரஜனும், இரண்டு கைகளில் ஒன்று விட்டது, முதல் லெவல், ஈத்தேன். பிறகு திரை வெளுத்தது. வானம் தெரிந்தது. நீலச் சட்டை உருவம் கேஜைவிட்டு வெளியே வந்து, கையில் டோக்கனோடு பலகையின் முன் நின்றது.

டோக்கனை ஆணிமேல் இழுத்து விட வேண்டியதுதான் பாக்கி. வேலு அதைச் செய்யவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றார் ராஜப்பா.

"மேல வந்துட்டான்."

ராஜப்பா எட்டிப் பார்த்தார். சீட்டுகளைக் கீழே போட்டார். "மறுபடியும் எறங்கப் போறியா?"

"ஆமா."

"போ. இன்னிக்கு வயித்துவலி எனுக்கு. நானும் லீவு போட்டுட்டேன்னு நெனச்சுக்க." சொன்னாரே தவிர அவர் இறங்கவில்லை, வேலுவின் சாப்பாட்டுப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலு நேரே வீட்டுக்குப் போனார். நளினி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் திரையைக் காட்டினார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்து, அலைபேசியை இரண்டு கைகளாலும் வாங்கி, நீலச் சட்டை உருவத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன் வெளியிலயே நிக்குது?"

"நீயும் வரணும்னு."

இருவரும் கல்லூரிக்கு நடந்தார்கள். தூறல் விட்டிருந்தது. ஆய்வகத்தின் வாசலில் அவர்களைக் கண்டதும் வின்னி வெளியே வரவில்லை. கதவை முழுவதும் திறந்து வைத்தார். மாணவர்கள் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் கைகளிலெல்லாம் அலைபேசி இருந்தது. எல்லாத் திரைகளிலும் அதே பலகை, அதே ஒரு வெற்று ஆணி.

"எப்படி வந்தீங்க அங்கிள்?" என்றாள் ஆஷ்லி மெதுவாக.

"நாலுல நிக்காம வந்தேன்மா. லித்தியம். மொதல்ல தண்ணிய ஊத்திட்டேன், பத்திக்கிச்சு."

"நானும் மொதல்ல அப்பிடித்தான் அங்கிள் எரிச்சேன்."

வேலு அலைபேசியை மேசைமேல் வைத்தார். நளினியின் விரலைப் பற்றி டோக்கன்மேல் வைத்து, அதன்மேல் தம் விரலை வைத்தார். இருவரும் இழுத்தார்கள். டோக்கன் ஆணியில் ஏறித் தொங்கி, இரண்டு முறை ஆடி நின்றது. நளினியின் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. விரலை மட்டும் அவள் எடுக்கவில்லை.

பலகை நிறைந்துவிட்டது. செப்டம்பருக்குப் பிறகு முதல் முறையாகத் திரையில் அந்தக் கேள்வி வந்தது. உரக்கக் கேட்பது வகுப்பின் வழக்கம். அன்று ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் வின்னியைப் பார்த்தார்கள். வின்னி மேலங்கியின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, மேசையின் எதிர்ப்புறம் போய், வேலுவுக்கு நேராக நின்றார். எழுதியிருந்தபடி படிக்காமல், அவருடைய தந்தையின் காலத்தில் ஷாப்ட்டு வாசலில் கேட்டபடியே கேட்டார்:

"கீழ யார்னா கீறாங்களா?"

வேலு நிமிர்ந்து நின்றார்.

"எங்கப்பா மட்டும் கீறாரு மிஸ்."